பன்னண்டு பேருக்கு ஞாயித்துக்கிழமைச் சாப்பாடு

பாதாம் பிசின் நாலு துண்டு போட்டா போதும்னு தெரியும், இந்தக் கை கேட்டாத்தானே, ஒரு பிடி அள்ளித் தண்ணியில போட்டுட்டேன், காலையில சட்டியை விட்டு வெளிய வந்து நிக்கப் போகுது, நிக்கட்டும், இது ஒத்திகைதான், ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் முழுசா ரெண்டு நாள் கிடக்கு. இந்தப் பஞ்சவர்ணம் சூப்பிரண்டண்ட் ஆயாச்சு, ட்ரீட் எங்கன்னு திங்கக்கிழமையிலருந்து காலேஜ் ஆபீஸே கேக்குது. மத்தவங்களா இருந்தா பைபாஸ்ல ஏதாவது ஏசி ஹோட்டல்ல டேபிள் போட்டு முடிச்சிருவாங்க. நான்தான் வாயைக் குடுத்தேன். ஹோட்டல்ல என்ன இருக்கு, எங்க வீட்டுக்கு வாங்க, என் கையால ஆக்கிப் போடுறேன்னு சொன்னேன். சொன்னப்ப சேதுராமன் சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. ஜோஸ்பின் கையைத் தட்டுனா. திலகா என்ன பண்ணுனா? திலகா சிரிச்சா. சிரிச்சாளா? ஆமா, சிரிச்சுக்கிட்டே உனக்கு எதுக்குடி சிரமம்னா. சரி, மட்டன் சுக்கா, அது இல்லாம விருந்தா, மிளகு தூக்கலா, தேங்காய் கீங்காய் கிடையாது, எங்க வீட்டுச் சுக்காவுல தேங்காய் பட்டா அது சுக்காவே இல்ல. எலும்புக் குழம்பு. சீரகச் சம்பாவுல வெறுஞ்சோறு. கறி திங்காத ரெண்டு பேருக்குக் கத்திரிக்காய் புளிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். ரசம். கடைசியில ஜிகர்தண்டா, கடையில வாங்குனது இல்ல, பாலை நானே வத்தக் காய்ச்சி, நன்னாரி ஊத்தி. திலகாவுக்கு ஜிகர்தண்டான்னா உசிரு. அவளுக்காகத்தான் இந்தப் பிசினே. குக்கர் ஒரு விசில் விட்டுருச்சு, இன்னும் ரெண்டு வரணும்.

ஞாயித்துக்கிழமை அவளுக்கு விரதம் எதுவும் இருந்துறக் கூடாதே, அதான் ஒரே கவலை. அவ சாப்பிடாத நாள்ல விருந்து வச்சு என்ன பிரயோசனம்? பதினோரு வருசமா ஒரே டேபிள்ல எதிரும் புதிருமா உக்காந்து டப்பாவைத் திறக்கிறோம், எனக்குக் கூடப்பிறந்தவ இல்லாத குறையைத் தீத்தவ அவ. ஆனா அவ விரதம் இருக்கிற கணக்கைப் பாத்தா இந்நேரம் அந்த முருகனே நேர்ல வந்து போதும்மா தாயேன்னு சொல்லியிருக்கணும். சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம், ஏகாதசி, செவ்வாய், வெள்ளி, சனி. விரதம்னா பட்டினி இல்ல, சாப்பிடுவா, ஆனா அவ வீட்டுல குளிச்சிட்டு ஆக்குனது மட்டும்தான், வெளிச் சாப்பாடு ஆகாது. அதனால நான் என்ன பண்ணுவேன்னா, பிரிட்ஜ் பக்கத்துல தொங்குற மாசக் காலண்டர்ல அவ சொல்ற நாளுக்கெல்லாம் தி.வி.ன்னு சின்னதா எழுதி வச்சிருவேன். திலகா விரதம். என்ன விரதம்னும் பக்கத்துல எழுதிருவேன். சஷ்டின்னா சஷ்டி, கிருத்திகைன்னா கிருத்திகை. கேஸ் வந்த நாள், பால் பாக்கி, தி.வி., எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்ளதான். அன்னைக்கு மீன், முட்டை எதையும் நான் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போக மாட்டேன், பாவம், எதிர்ல ஒருத்தி விரதம் இருக்கையில நாம மீனை உரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும். எம்மக தென்றல் சாப்பாட்டு மேசையில கெமிஸ்ட்ரியை விரிச்சு வச்சுக்கிட்டு போனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. கை ஈரமா இருக்கு, ஞாயித்துக்கிழமை ஏதாவது விரதமான்னு அந்தக் காலண்டரைப் பாத்துச் சொல்லுடின்னேன். அவ்வளவுதான் நான் கேட்டது. அதுக்கு மேல ஒண்ணுமே கேக்கல.

ஞாயித்துக்கிழமை ஒண்ணும் இல்லம்மா, நல்ல நாளுதான்னா. அப்பாடான்னு இருந்துச்சு. அதோட விட்டிருக்கலாம் அந்தப் பிள்ளை. முந்தின மாசத்தைத் திருப்பிட்டா. இதென்னம்மா தி.வி., தி.வி.ன்னு எழுதியிருக்க, டிவி ரிப்பேரான்னா. சொன்னேன். சிரிச்சா. ஆன்ட்டிக்கு நீ அட்டவணை வேற போட்டு வச்சிருக்கியான்னா. அப்புறம் சிரிப்பு நின்னுச்சு. அம்மா, ஒம்பதாந்தேதி சஷ்டின்னு எழுதியிருக்க, ஒம்பதாந்தேதி சஷ்டியே இல்லையே, மூணும் பதினெட்டும்தான் சஷ்டி, கீழ அச்சடிச்சிருக்குல்லன்னா. நான் தப்பா எழுதியிருப்பேன்னேன். சரி, பன்னண்டாந்தேதி ஏகாதசின்னு எழுதியிருக்க, ஏகாதசி எட்டும் இருபத்திமூணும். கிருத்திகை இருபத்தாறுன்னு எழுதியிருக்க, கிருத்திகை இருபத்தொண்ணு. அதுக்கு முந்தின மாசத்தையும் திருப்பினா. அதுலயும் ஒண்ணு ரெண்டுதான் சரியா இருந்துச்சு, மத்ததெல்லாம் எங்கெங்கயோ கிடந்துச்சு. நான் கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். அவங்க வேற பஞ்சாங்கம் பாப்பாங்கடின்னு சொன்னேன், என் வாயிலருந்து வந்துச்சு அது, எங்கயிருந்து வந்துச்சுன்னே தெரியல. தென்றல் என்னையவே பாத்தா. அம்மா, அந்த ஆன்ட்டி நம்ம வீட்டுல ஆக்குன எதையாச்சும் வாயில வச்சு நீ கண்ணால பாத்திருக்கியான்னு கேட்டா.

என்ன கேள்வி இது. பாத்திருக்கேன். பாத்திருக்கேன்ல? பதினோரு வருசம், ஒரு நாள் கூடவா இல்லாமப் போகும், இரு, யோசிக்கிறேன், பொங்கலுக்கு முந்தி ஒரு நாள் ஆபீஸ்ல, நான் எலுமிச்சைச் சாதம் கொண்டு போயிருந்தேன், எல்லாரும் எடுத்தாங்க, ஜோஸ்பின் டப்பா மூடியிலயே போட்டுத் தின்னா, அவ எப்பவும் அப்படித்தான், கேக்கக் கூட மாட்டா, என் டப்பாவுல கையை விட்டு எடுத்துருவா. திலகா? திலகா அன்னைக்கு வயிறு சரியில்லன்னா. வயிறு. அதுக்கு முந்தி? தீபாவளிக்கு அதிரசம் குடுத்தேன், வாங்குனா, முந்தானையில கையைத் துடைச்சு டப்பாவுல போட்டுக்கிட்டா, வீட்டுல போய் உன் பேரைச் சொல்லிக்கிட்டு நிதானமா சாப்பிடுறேண்டின்னா. ஆங், அதான், அவ வாங்கிக்கிட்டுப் போவா. வேண்டாம்னு சொன்னதே கிடையாது, டப்பாவுல வாங்கிக்கிட்டுப் போவா, மறுநாள் டப்பாவைக் கழுவி, பளபளன்னு விளக்கி, ஒரு நாள் கூட வெறும் டப்பாவாக் குடுக்காம ரெண்டு முறுக்கோ ஒரு மாம்பழமோ போட்டுத்தான் திருப்பித் தருவா. அவ முறுக்கை நான் அங்கயே நின்னு கடிச்சிருவேன். என்னா ருசிடி உன் கறின்னு சொல்லுவா. சொல்லியிருக்கா. நான் சுக்கா குடுத்து விட்டதுக்கு மறுநாள் சொன்னாளே, தேங்காயை வறுத்து அரைச்சு ஊத்தியிருந்தியே, அப்படியே எங்கம்மா ஆக்குன மாதிரி இருந்துச்சுன்னு. தேங்காய். நான் தேங்காயே போடுறதில்லையே. அப்ப நினைச்சேன், பைத்தியக்காரி, வேற எங்கயோ தின்னதை இதுல சேத்துச் சொல்றான்னு. சிரிச்சேன் கூட. வீட்டுல வந்து இவர்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். அடுப்படியிலருந்து ரெண்டாவது விசில் வந்துச்சு, தூக்கிவாரிப் போட்டுருச்சு எனக்கு.

என்னங்க, உங்க மக என்ன பேசுறா பாருங்கன்னு கூப்பிட்டேன். எங்க வீட்டுக்காரர் குருநாதன் முன்ரூம்ல செய்தி பாத்துக்கிட்டு இருந்தவரு டிவி சத்தத்தைக் குறைச்சாரு. குறைச்சதுமே எனக்குச் சந்தேகம் தட்டுச்சு, ஏன்னா அந்த மனுசன் வீடு இடிஞ்சு விழுந்தாலும் செய்திச் சத்தத்தைக் குறைக்க மாட்டாரு. வந்து நிலையில சாஞ்சு நின்னாரு. பிள்ளை சொல்றது சரிதாம்மான்னாரு. எது சரி? விடு, இப்ப எதுக்கு அதுன்னாரு. விடுறதா, எது சரின்னு சொல்லுங்கன்னேன். நாம இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினப்ப அந்தம்மா வந்துச்சுல்ல, எல்லாருக்கும் டம்ளர்ல பால் குடுத்த, அது வாங்கிக்கிட்டுப் போய் பால்கனியில துளசித் தொட்டியில ஊத்துச்சு, நான் பாத்தேன்னாரு. அவ பால் ஒத்துக்காதுன்னு சொன்னாளேன்னேன். சொன்னதும் என் நாக்கே என்னையக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. மாசத்துக்கு ரெண்டு தடவை அவளும் நானும் கடையில நின்னு ஜிகர்தண்டா குடிக்கிறோம், பால் ஒத்துக்காதவ ரெண்டாவது கிளாஸ் கேப்பா. நாங்க பால் காய்ச்சி ஏழு வருசம் ஆச்சு. ஏழு வருசம், இவருக்குத் தெரியும். ஏன் எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். உனக்கிருக்கிறது ஒரே ஒரு சிநேகிதி, அதையும் நான் வந்து கெடுக்கணுமான்னாரு. தென்றல் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, எனக்கும் அஞ்சாவது படிக்கிறப்பவே தெரியும்மா, நீ செஞ்ச கேக்கைக் குடுத்தேன், கவர்ல சுத்தின சாக்லேட்டை மட்டும் எடுத்துக்கிட்டாங்கன்னா. ரெண்டு பேருக்கும் தெரியும். வீட்டுல மூணு பேர், ரெண்டு பேருக்குத் தெரியும், மூணாவது ஆளு காலண்டர்ல தி.வி. எழுதிக்கிட்டு இருந்திருக்கா.

உக்காந்துட்டேன். நாற்காலியில உக்காந்தேனா, இவர் உக்கார வச்சாரா, தெரியல. இல்ல, இருக்காது, இங்க பாருங்க, அவ என் தட்டுலயே சாப்பிட்டிருக்கான்னு சொன்னேன். சத்தியமா. மாட்டுத்தாவணிக்கிட்ட பரோட்டாக் கடையில, நான் பாதி தின்ன கொத்துப் பரோட்டாவைத் தட்டோட தன் பக்கம் இழுத்து, என் எச்சி பட்ட ஸ்பூனாலயே தின்னா, போன மாசம் கூட. ஜிகர்தண்டா கிளாஸ்ல வாய் வச்சுக் குடிச்சிட்டு எங்கிட்ட நீட்டுவா, நான் குடிச்சிட்டு அவகிட்ட நீட்டுவேன். என் தலையில பேன் பாத்திருக்கா. என் மடியில படுத்துத் தூங்கியிருக்கா, கொடைக்கானல் போன பஸ்ஸுல. அப்படிப்பட்டவ என் கையால ஆக்குனதைத் திங்க மாட்டாளா? அப்படின்னா என் எச்சி ஆகும், நான் ஆகும், என் அடுப்பு ஆகாதா? அது என்னடி கணக்கு? இது எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு? நான் எங்க ஊர்க் காலனியில பிறந்தவதான், அதை என்னைக்கு மறைச்சேன், சர்வீஸ்ல சேந்த அன்னைக்கே அவளுக்குத் தெரியும். சின்ன வயசுல பாத்திருக்கேன், டீக்கடையில எங்கப்பாவுக்குத் தனிக் கிளாஸ், அதை அவரே கழுவி அவரே கவுத்து வைப்பாரு, அதுல மறைவு ஒண்ணும் கிடையாது, மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு, எங்கப்பாவும் ஒரு நாள் மூஞ்சிக்கு நேரா காறித் துப்பிட்டு வந்து அந்தக் கடைக்குப் போறதையே விட்டாரு. இது அப்படியா இருக்கு? சிரிச்சுக்கிட்டே, வர்ணா வர்ணான்னு கூப்பிட்டுக்கிட்டே. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதும்பாங்க. இவ பதினோரு வருசமா மறைச்சிருக்கா, அதுவும் என் சோத்துல.

எங்க வீட்டுக்கு வந்தா அவ என்னென்ன தொட்டான்னு எண்ணிப் பாக்குறேன், நிறுத்த முடியல, வேண்டாம் வேண்டாம்னு சொல்ல சொல்ல மனசு போய் அதையே நோண்டுது. முதல் தடவை வந்தப்ப வாழைப்பழம். காபி குடிக்கிறியான்னதுக்கு இப்பத்தாண்டி குடிச்சேன்னா. அடுத்த தடவை இளநி, இவர்தான் கீழ போய் வெட்டி வாங்கிட்டு வந்தாரு. அதுக்கப்புறம் கலர் சோடா, மூடியோட, அவளே பல்லால கடிச்சுத் திறந்தா, நான் கூட, அடிப்பாவி பல்லு போயிரும்டின்னு கத்துனேன். எனக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்துக் கிடந்தப்ப மூணு நாள் வந்தா, என் துணியைத் துவைச்சுப் போட்டா, என் வாந்தியைக் கழுவி விட்டா, ஆமா கழுவி விட்டா, மூஞ்சியைச் சுழிக்கல, சாயங்காலம் கிளம்புறப்ப ஆரஞ்சுப் பழத்தை உரிச்சுத் தின்னுட்டுப் போனா. தோல் இருக்கணும். மூடி இருக்கணும். அடுப்புப் பட்டிருக்கக் கூடாது. எவ்வளவு ஞாபகமா இருந்திருக்கணும் அவ! ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட மறந்து போய் ஒரு வாய் காபி குடிக்கலையே, மனுசி மறதியிலயாவது குடிச்சிருக்க மாட்டாளா? நான்தான் மறந்தவ. நான் யாருன்னே நான் மறந்து போயிருந்திருக்கேன், அவ ஒரு நாளும் மறக்கல. குடிக்கத் தண்ணி கூட அவ பையில பாட்டில் இருக்கும், சுடுதண்ணிதாண்டி டாக்டர் சொல்லியிருக்காருன்னு. டாக்டர்! எந்த டாக்டர்டி அது, பேரைச் சொல்லு, நானும் போய்க் காட்டுறேன்.

அப்ப டப்பாவுல வாங்கிட்டுப் போனதெல்லாம் எங்க போச்சு? இதை நினைக்கக் கூடாது. நினைச்சாச்சு. காலேஜ் வாசல் பஸ் ஸ்டாப்புல ஒரு கறுப்பு நாய் உண்டு, காது கிழிஞ்சது, யாருகிட்டயும் வராது, கிட்டப் போனா உறுமும். திலகாவைக் கண்டா மட்டும் வாலை ஆட்டிக்கிட்டு ஓடி வரும், அவ பையை முகரும், காலைச் சுத்திச் சுத்தி வரும். நான் என் பஸ் ஏறி உக்காந்ததும் ஜன்னல் வழியாப் பாப்பேன், அவ அந்த நாயோட நின்னுக்கிட்டு எனக்குக் கையாட்டுவா. என்னடி அது உன்னைய மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சுத்துதேன்னு நான் கேலி பண்ணியிருக்கேன். அவ மூஞ்சி அன்னைக்கு எப்படி இருந்துச்சு? எவ்வளவு யோசிச்சாலும் அந்த மூஞ்சி வர மாட்டேங்குது. ஐயோ, நான் பாக்கல, எனக்குத் தெரியாது, பிஸ்கட் போடுவாளா இருக்கும், எத்தனையோ பேர் நாய்க்குப் பிஸ்கட் போடுறாங்க. விடிகாலையில எந்திரிச்சு, மிளகை நுணுக்கி, எம்மகளுக்கு நாலு துண்டு குறைச்சு வச்சுட்டு, நல்ல நல்லித் துண்டா அவ டப்பாவுக்குப் பொறுக்கிப் போட்டிருக்கேன். கோவமா இதுன்னு கேட்டா இல்ல, கோவம் எனக்கு வந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், பாத்திரம் பறக்கும். இது அது இல்ல. நின்ன இடத்துல தரை போயிருச்சு, அவ்வளவுதான். இவர் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. மூணாவது விசில் எப்பவோ வந்து போயிருக்கு, தென்றல்தான் போய் அடுப்பை அணைச்சா.

சமைக்காதம்மா, ஹோட்டல்ல சொல்லிருவோம்னு தென்றல் சொல்றா. ஹோட்டல் பிரியாணின்னா எல்லாரும் வந்து வெளுத்துக் கட்டுவாங்கன்னு சொல்றா, சின்னப்பிள்ளை வாயில அது வருது பாருங்க. எல்லாரும்னா? யார் யாரு? திலகா மட்டும்தானா, இல்ல சேதுராமன் சார் கண்ணாடியைத் துடைச்சாரே அதுவும் அதுதானா? தாளை எடுத்து வச்சு எழுதியிருக்கேன், பன்னண்டு பேரு, பேரு பேரா. ஜோஸ்பின் சாப்பிடுவா. அட்டெண்டர் பால்பாண்டி அண்ணன் சாப்பிடுவாரு, என் டப்பா மிச்சத்தை என்னைக்கும் விட்டதில்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு பேரா வச்சுக்கிட்டு யோசிக்கிறேன், இவங்க என் வீட்டுல வாயைத் திறந்து மென்னு முழுங்கி நான் பாத்திருக்கேனான்னு. இப்படி ஒரு கணக்குப் போடுறதுக்கா எனக்குப் பிரமோஷன் வந்துச்சு? திங்கக்கிழமை ஆர்டர் வந்தப்ப முதல்ல கட்டிப்பிடிச்சது திலகாதான். அழுதா. என் பிரமோஷனுக்கு அவ கண்ணுல தண்ணி வந்துச்சு, அது பொய்க் கண்ணீர் இல்ல, எனக்குப் பொய்க் கண்ணீர் தெரியும். அதான் புரியல எனக்கு. அது நிசம்னா இது எப்படி நிசமா இருக்கும்? ஒரே பொம்பளைதானே. நம்மள வெறுக்கிறவளா இருந்தா தலையை முழுகிட்டுப் போயிரலாம். பாசமும் வச்சுக்கிட்டு இதையும் வச்சிருக்கிறவளை என்ன பண்றது?

போன் அடிக்குது. அவதான். திரையில அவ போட்டோ வருது, கொடைக்கானல்ல ரெண்டு பேரும் குல்லாய் போட்டுக்கிட்டு எடுத்தது. எடுக்காதம்மான்னு தென்றல் சொல்றா. எடுத்துட்டேன். வர்ணா, என்னடி பண்ணுறன்னா. மெனு எழுதிக்கிட்டு இருக்கேன்னேன், என் குரல் எப்பவும் போலத்தான் வந்துச்சு, அதுவே எனக்கு அதிசயம். நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி, தப்பா எடுத்துக்காதன்னா. நீ பிரமோஷன் வாங்கின ராசாத்தி, நீ எதுக்கு அடுப்புல கிடந்து வேகணும், ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கெல்லாம் நான் வந்துர்றேன், நானே நின்னு எல்லாத்தையும் ஆக்கிர்றேன், மசாலா கூட வீட்டுலயே அரைச்சு எடுத்தாந்துர்றேன், சட்டி பானை என்னோடது பெருசா இருக்கு, அதையும் ஆட்டோவுல போட்டுக் கொண்டாந்துர்றேன், நீ பட்டுச் சேலையைக் கட்டிக்கிட்டு வர்றவங்களை வாங்கன்னு சொல்லு, போதும்னா. அவ குரலைத் தாழ்த்துனா. இல்லடி, வெளிப்படையாவே சொல்றேனே, ரெண்டு மூணு பேர் ஒரு மாதிரியாப் பேசிக்கிறாங்க, உனக்குத் தெரியும்ல நம்ம ஆளுங்களை. திலகாதான் ஆக்குனான்னா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க, எல்லாரும் நல்லாச் சாப்பிட்டுப் போவாங்க, உன் மனசும் நோகாது. உனக்காகத்தாண்டி ராத்திரியெல்லாம் யோசிச்சேன்னா. பிரியமாத்தான் சொல்றா. குரல்ல அவ்வளவு பிரியம். நான் சரிடின்னு சொன்னேன். ரொம்ப தேங்க்ஸ்டின்னும் சொன்னேன். போனை வச்சுட்டேன்.

சொன்னது நான்தான். தேங்க்ஸ்னு சொன்னேன். என் வீட்டுல என் அடுப்புல அவ சட்டியை ஏத்துறதுக்கு நானே தேங்க்ஸ் சொல்லியிருக்கேன்! இவர் என்னையப் பாக்கல, ஜன்னலைப் பாக்குறாரு. தென்றல் பாக்குறா. பதினாறு வயசுப் பிள்ளை, என்னைய அப்படி அவ பாத்ததே இல்ல, பாவமேன்னு பாக்குறா, நான் பெத்தது என்னையப் பாத்துப் பாவப்படுது. எத்தனை வருசப் பழக்கம் இது, யாராவது பிரியமாப் பேசுனா உடனே சரி, தேங்க்ஸ், பரவாயில்ல, அதுக்கென்ன. திலகாவால அதிர்ந்ததை விட இந்த என் வாயால அதிர்ந்து போயிட்டேன். நாளைக்கு இந்தப் பிள்ளையும் எங்கயோ ஒரு ஆபீஸ்ல ஒருத்திக்கு தேங்க்ஸ் சொல்லுவாளே. போனைத் திரும்ப எடுத்தேன். ஒரே ரிங்குல எடுத்துட்டா. என்னடி, சீரகச் சம்பா எவ்வளவுன்னு கேக்கவான்னா. திலகா, நீ ஆக்க வர வேண்டாம், சாப்பிட வான்னேன். ஏண்டின்னா. நான்தான் ஆக்குறேன், சுக்கா, குழம்பு, சோறு, எல்லாம் என் சட்டியில, நான் போட்டு நீ சாப்பிடணும், டப்பாவுல இல்ல, என் கண்ணு முன்னாலன்னேன். அவ வீட்டுல மிக்சி ஓடுற சத்தம் கேட்டுச்சு, அப்புறம் அது நின்னுச்சு. வர்ணா, யாருடி உங்கிட்ட என்ன சொன்னாங்கன்னா. யாரும் சொல்லலன்னேன். அழுறாளா என்னன்னு தெரியல, மூக்கை உறிஞ்சுனா. எனக்கு ஒண்ணும் இல்லடி, சத்தியமா எனக்கு உம்மேல அப்படியெல்லாம் ஒண்ணுமே கிடையாது, எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுரும்டின்னா.

உங்கம்மா செத்து ஆறு வருசம் ஆச்சே திலகான்னு சொன்னேன். ஆஸ்பத்திரியிலருந்து பாடியை எடுத்துட்டு வந்தப்ப உன்னையப் பிடிச்சுக்கிட்டு நின்னது நானுன்னேன். போனை அவ வைக்கல, மூச்சு விடுறது கேக்குது. ஒரு மணிக்கு இலை போடுவேன்னு சொல்லிட்டு நான்தான் வச்சேன். அழுகை வரும்னு பாத்தேன், வரல. என்னம்மா ஆச்சுன்னு தென்றல் கேட்டா, பேனாவை எடுடின்னேன். பன்னண்டு பேருன்னு எழுதியிருந்ததை அடிக்கவா வேண்டாமான்னு அவ கையை வச்சுக்கிட்டு நிக்கிறா. அடிக்காத. வர்றதும் வராததும் அவ பாடு. பன்னண்டு பேருக்குக் கறி மூணு கிலோ, எலும்பு தனியா ஒரு கிலோ, எழுது.